பட்டியலில் விட்டுப்போன பெயர்

பெரிய பாப்பாவுக்கு,

நீ ஏறிய பஸ் இந்நேரம் நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நின்றுகொண்டிருக்கும். கேட் திறந்து, நீ தஞ்சாவூர் போய்ச் சேர்ந்து, குளித்துச் சாப்பிட்டுவிட்டு டூட்டிக்குக் கிளம்புவதற்குள் நான் இதை எழுதி முடித்தாக வேண்டும். இரண்டு நாள் வீட்டில் இருந்தாய். நான் வாயைத் திறந்தபோதெல்லாம் உன் போன் அடித்தது. போன் அடிக்காத நேரத்தில் உன் அப்பா பேசினார். சரி, காலையில் பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். தினமும் அரைமணி தாமதமாக வரும் பஸ், இன்றைக்கென்று பார்த்துச் சரியான நேரத்துக்கு வந்து தொலைத்தது. அதனால்தான் கடிதம். எட்டாவது வரை படித்தவள் எழுதுவது, பிழை இருந்தால் நர்ஸம்மா பொறுத்துக்கொள்ளவும். முடித்ததும் நானே பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவேன். அதெல்லாம் எனக்குத் தெரியும், ஆச்சரியப்படாதே.

நீ வார்டு இன்சார்ஜ் ஆகி ஆறு மாதம் ஆகிறது. முன்பெல்லாம் நர்ஸுகள் டூட்டி முடியும் நேரத்தில் உட்கார்ந்து மொத்தமாக நோட்டில் எழுதுவார்கள். இப்போது கட்டிலுக்குப் பக்கத்திலேயே நின்று, மருந்து கொடுத்த கையோடு டேப்லெட்டில் பதிய வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் மாற்றிவிட்டார்கள். உன்னிடம் எட்டு நர்ஸுகள், அதில் ஆறு பேர் கேட்பதில்லை. நேரே மறுத்தாலும் பரவாயில்லை. "சரிங்க சிஸ்டர்" என்று தலையை ஆட்டிவிட்டு, நீ அந்தப் பக்கம் போனதும் நோட்டை எடுக்கிறார்கள். டேப்லெட்டில் எப்போது பார்த்தாலும் சார்ஜ் இருப்பதில்லை, பாஸ்வேர்டு யாருக்கும் ஞாபகம் வருவதில்லை, ஒருநாள் அது பஞ்சுக் கட்டுகளுக்கு அடியில் டிராயரில் கிடந்தது. மேட்ரன் கூப்பிட்டு, ஒத்துழைக்காதவர்கள் பெயரைத் திங்கட்கிழமை எழுதிக் கொடு, வேறு ஊர்க் கிளைக்கு மாற்றிவிடலாம் என்று சொல்லியிருக்கிறார். நீயும் போனில் ஆறு பெயரை அடித்து வைத்திருந்தாய். நேற்று என்னிடம் காட்டி, "இவங்கள வச்சுக்கிட்டு ஒண்ணும் பண்ண முடியாதும்மா, மாத்தமே பிடிக்காத ஜனம்" என்றாய். நான் தலையைக் கவிழ்த்துக்கொண்டு கீரையை ஆய்ந்துகொண்டிருந்தேன். ஏனென்றால் கிட்டத்தட்ட அதே வார்த்தையை நான் இதே வீட்டில் உட்கார்ந்து சொல்லியிருக்கிறேன். அன்றும் பட்டியல் எழுதியது நீதான்.

உனக்கு அது அரைகுறையாகத்தான் ஞாபகம் இருக்கும், அப்போது பத்தாவது படித்துக்கொண்டிருந்தாய். அதில் உனக்குத் தெரிந்தது பாதிதான். மீதியை நான் வெட்கத்தில் யாரிடமும் சொன்னதில்லை, உன் அப்பாவிடம்கூட. இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

அந்த வருஷம் ஆடியில் எனக்குக் கர்ப்பப்பை எடுத்தார்கள். ஆறு மாதம் குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொன்னார். நீயும் சொன்னாய், அழுதுகூடப் பார்த்தாய். நான் புரட்டாசியில் சேற்றில் இறங்கிவிட்டேன். பன்னிரண்டு பேர் கொண்ட நடவு செட்டுக்கு நான் தலைவி. தலைவி வீட்டில் படுத்துக்கொண்டால் செட்டு சிதறிவிடும் என்று எல்லோரிடமும் சொன்னேன். உண்மை அது இல்லை. நான் இல்லாமலே செட்டு நன்றாக நடந்துவிட்டால் என்ன செய்வது என்றுதான் பயம். குனிந்தால் வலி, நிமிர்ந்தால் அதைவிட வலி. அதனால் நிமிராமலே நட்டேன், அக்கம்பக்கம் பார்க்காமல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு நட்டேன். என் பங்கை முடித்து மற்றவர்களோடு நானும் ஒரே நேரத்தில் கரையேறினேன். எனக்குப் பெருமை பொங்கியது. வயல்காரர் வாத்தியாரிடம், ஆபரேஷன் செய்த உடம்பு என்று யாராவது சொல்வார்களா சார் என்று நானே வலியப் போய்ப் பீற்றிக்கொண்டேன். அவர் தஞ்சாவூரில் குடியிருந்துகொண்டு, வாரம் ஒருமுறை வந்து வயலைப் பார்த்துவிட்டுப் போகும் மனிதர். பாவம், தலையாட்டினார்.

அந்தச் சமயத்தில்தான் ஒற்றை நாற்று நடவு வந்தது. வேளாண்மை ஆபீஸிலிருந்து புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு தம்பி பைக்கில் வந்து, வாத்தியாரின் ஆறு மா நிலத்தை, அவர் கணக்கில் இரண்டு ஏக்கர், மாதிரி வயலாக எடுத்துக்கொண்டார். நாம் பழகியது உனக்குத் தெரியும். மாதம் ஒன்று வளர்ந்த நாற்றைப் பறித்து, நாலைந்து சேர்த்துக் கொத்தாக ஊன்றிக்கொண்டே பின்னால் நகர்வோம். இவர் பதினாலு நாள் நாற்றுப் போதும் என்றார், விரல் நீளம்தான் இருக்கும். அதையும் ஒன்று ஒன்றாக, முடிச்சுப் போட்ட கயிற்றைக் கட்டி, முடிச்சுக்கு முடிச்சு சதுரமாக நட வேண்டும் என்றார். இது நன்றாக வந்தால் வாய்க்கால் நெடுக எல்லா வயலும் உங்கள் செட்டுக்குத்தான், வராவிட்டால் அடுத்த வருஷம் நடவு மெஷின்காரர்களை வெளியூரிலிருந்து கூப்பிடப் போகிறார்கள் என்று ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார். பன்னிரண்டு வீட்டு அடுப்பும் அந்த ஆறு மாவை நம்பி நின்றது. என்னைத் தஞ்சாவூருக்கு இரண்டு நாள் ட்ரெயினிங்குக்கு அனுப்பினார்கள். அங்கே அப்படி நட்ட வயலை நேரில் பார்த்தேன். ஒரு நாற்று, என் இரண்டு கையாலும் பிடிக்க முடியாத அளவுக்குக் கிளை வெடித்துத் தூர் கட்டியிருந்தது. எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. அங்கே கொடுத்த பச்சைத் தொப்பியைப் போட்டுக்கொண்டே பஸ் ஏறி ஊருக்கு வந்தேன்.

தொப்பியோடு போய் நின்று பிரசங்கம் செய்தேன். வேறென்ன சொல்வது, பிரசங்கம்தான். தூர் என்றேன், வேர் என்றேன், காற்றோட்டம் என்றேன். இருபது வருஷம் சேற்றில் நின்றவர்களுக்கு நாற்றைப் பற்றி இரண்டு நாள் படித்தவள் பாடம் எடுத்தேன். உன் பெரியம்மா செல்வராணி இடுப்பில் கைவைத்துக் கேட்டுக்கொண்டு நின்றது. ஒரு குடும்பத்துக்குள் வாழ்க்கைப்பட்டவர்கள் நாங்கள் இரண்டு பேரும், ஓரகத்திகள். வரிசையில் எப்போதும் எனக்கு வலப்பக்கம் அக்காவும் இடப்பக்கம் ஜெயாவும்தான். எல்லாம் கேட்டுவிட்டு, "ஆபீசரம்மா, பேசி முடிச்சுட்டீங்களா, நாத்து காயுது" என்றது. எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்று இருந்தது.

அதோடு விட்டேனா. கயிறு கட்டி நடும்போது ஆளுக்கு எட்டு முடிச்சு வருகிறது, யாருடையது எது என்று சண்டை வரக்கூடாது என்று நானாக ஒரு யோசனை செய்தேன். பழைய சேலைகளைக் கிழித்து, ஒவ்வொருத்தி பங்குக்கும் ஒவ்வொரு கலரில் துணியைக் கயிற்றில் முடிந்தேன். சிவப்பு இவள், மஞ்சள் அவள் என்று வரப்பில் நின்று பார்த்தாலே தெரியும். ஆபீசர் தம்பி கைதட்டினார், இது எங்கள் புத்தகத்திலேயே இல்லையே அம்மா என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

முதல் நாளே கயிறு இரண்டு முறை அறுந்தது. புதுக் கயிறு, எப்படி அறுந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. பிறகு நட்ட இடத்தைப் போய்ப் பார்த்தால், வரப்போரம் இரண்டு முழத்துக்கு அழகாக ஒற்றை நாற்று, அதைத் தாண்டி உள்ளே போனால் பழையபடி கொத்துக் கொத்தாக நாலு நாற்று. பைக்கில் வருகிறவர் வரப்போரம்தானே பார்ப்பார். நல்ல மூளை. மறுநாள் கலர்த் துணிகளில் பாதியைக் காணோம். நான் கத்தினேன். அதற்கு மறுநாள் காலையில் பதினோரு பேரும் வரப்பில் உட்கார்ந்துவிட்டார்கள். கயிறு இருந்தால் இறங்க மாட்டோம், பழையபடி என்றால் இந்த நிமிஷமே இறங்குகிறோம் என்றார்கள். ஏன் என்று கேட்டேன். இடுப்பு வலிக்கும் என்றாள் ஒருத்தி, சின்ன நாற்று கையில் நிற்கவில்லை என்றாள் இன்னொருத்தி. செல்வராணி அக்கா என்னைப் பார்க்காமல் வாய்க்காலையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் சொல்லக்கூடாததை எல்லாம் சொன்னேன். சோம்பேறிகள் என்றேன். நீங்கள் உருப்படவே மாட்டீர்கள், புதுசு என்றாலே உங்களுக்கு வேப்பங்காய் என்றேன். நாளைக்கே அக்கரையிலிருந்து வேறு செட்டைக் கூட்டிவந்து காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டு, தொப்பியைக் கழற்றாமலே வீட்டுக்கு வந்தேன்.

சாயங்காலம் நீ பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து எழுதச் சொன்னேன். காலையில் வாத்தியார் வருவார், இந்த ஆட்கள் வேலைக்கு ஆக மாட்டார்கள் என்று பெயரோடு கொடுத்துவிட வேண்டும் என்று வெறி. உன் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று உன்னை எழுதவைத்தேன். நீ பேனாவைப் பிடித்துக்கொண்டு, "பெரியம்மா பேரையுமா?" என்று கேட்டாய். "அவ பேரத்தான் மொதல்ல எழுது" என்றேன். எழுதினாய். ராத்திரி நீ சாப்பிடாமல் படுத்துக்கொண்டது எனக்குத் தெரியும். தெரிந்தும் எழுப்பவில்லை.

காலையில் தாளை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினேன். மதகு கிட்டே செல்வராணி அக்கா எனக்காகக் காத்துக்கொண்டு நின்றது. யார் சொன்னார்களோ, பட்டியல் விஷயம் தெரிந்திருந்தது. (நீதான் சொல்லியிருப்பாய் என்று எனக்கு இன்றுவரை சந்தேகம். நீயாக இருந்தால் நல்ல காரியம் செய்தாய்.) நான் வழியை விடு என்றேன். அக்கா விடவில்லை. அதன் குரல் ஏறவே இல்லை, அதனால்தான் ஒவ்வொரு வார்த்தையும் அப்படியே நிற்கிறது.

"பொரட்டாசிலேருந்து உன் பங்க யாரு நட்டதுன்னு நெனைக்கிற? நீயா? இந்தப் பக்கம் நானு, அந்தப் பக்கம் ஜெயா, ரெண்டு பேரும் உள்ள தள்ளித் தள்ளி நட்டுக்கிட்டு வர்றோம். நீ தலையத் தூக்கினாத்தானே தெரியும். கயித்துல கலர் துணிய முடிஞ்சுட்டா, வாத்தியாரு வரப்புல நின்னு பாக்க மாட்டாரா, எந்தக் கலரு பாதியில நிக்குதுன்னு? ஒன்ன வச்சுக்கிட்டு எப்படிடி நாங்க கயித்துல எறங்குறது?"

நான் நம்பவில்லை. பொய் சொல்லாதே என்று சொல்லிவிட்டு, நாலு நாள் முன்னால் பழையபடி நட்ட பக்கத்து வயலுக்கு விறுவிறுவென்று நடந்தேன். நான் இடது கைக்காரி. மற்றவர்கள் ஊன்றிய நாற்று ஒரு பக்கம் சாய்ந்திருந்தால், நான் ஊன்றியது எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கும். பச்சை பிடித்து நிமிர்வதற்கு ஒரு வாரமாவது ஆகும், அதுவரை எந்த வயலிலும் என் கையை நான் கண்டுபிடித்துவிடுவேன். வரப்பில் நின்று பார்த்தேன். தொடங்கின இடத்தில் என் பங்கு முழு அகலத்துக்கு இருந்தது. பத்தடி போவதற்குள் குறுகியது. நடு வயலில் ஒரு முழம்கூட இல்லை. கரையேறும் இடத்தில், எதிர்ப்பக்கம் சாய்ந்த நாற்று ஒரே ஒரு வரிசை. நான் மற்றவர்களோடு சரிசமமாகக் கரையேறினேன் என்று பீற்றிக்கொண்ட வயல் அது. எனக்கு இடப்பக்கமும் வலப்பக்கமும் இரண்டு பெண்கள், தங்கள் பங்கையும் நட்டு என் பங்கையும் நட்டு, அதை நான் பார்த்துவிடக் கூடாது என்று பேசிச் சிரித்துக்கொண்டே நட்டிருக்கிறார்கள். நான் வரப்பிலேயே உட்கார்ந்து அழுதேன். செல்வராணி அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னால் நீ வீட்டில் படுத்திருப்பாயா, அருவாளைத் தூக்கிக்கொண்டுதானே வந்திருப்பாய் என்றது. அதுவும் உண்மை.

இப்போது யோசித்துப் பார். அவர்களுக்கு ஒற்றை நாற்று பிடிக்காமல் இல்லை. சோம்பலும் இல்லை, சொல்லப்போனால் இரட்டை வேலை செய்துகொண்டிருந்தார்கள். பழைய நடவில் தோளோடு தோள் நிற்கும்போது ஒருத்தி பங்கு எங்கே முடிகிறது, அடுத்தவள் பங்கு எங்கே தொடங்குகிறது என்று கோடு கிடையாது. உடம்புக்கு முடியாதவள், தீட்டு வலிக்காரி, ராத்திரி பிள்ளைக்குக் காய்ச்சலென்று தூங்காதவள் எல்லோரும் அந்தக் கோடில்லாத இடத்தில்தான் பிழைத்தார்கள். நான் புதுசு கொண்டுவருகிறேன் என்று அந்த இடத்தில் கலர் கலராகக் கோடு போட்டேன். அந்தக் கோட்டில் முதலில் மாட்டிக்கொள்ளப் போகிறவள் நானே என்று தெரியாமல் போட்டேன். அவர்கள் சொல்லவும் முடியாமல், ஒப்புக்கொள்ளவும் முடியாமல் கயிற்றை அறுத்தார்கள்.

எழுந்து போய்ப் பதினோரு பேர் முன்னாலும் நின்றேன். தொப்பி இல்லாமல்தான். என்னால் முடியவில்லை, இந்த வருஷம் நான் நடக்கூடாது, நேற்றுப் பேசியதற்கு என்னை அடித்தாலும் சரி என்றேன். கலர்த் துணிகளை நானே அவிழ்த்து வாய்க்காலில் விட்டேன். பிறகு, இத்தனை நாளில் முதல் முறையாக, சொல்லாமல் கேட்டேன். ஒற்றை நாற்றை நட்டாக வேண்டும், யாரும் காட்டிக்கொடுக்கப்படவும் கூடாது, எப்படிச் செய்யலாம் என்று கேட்டேன். அதற்குப் பதில் வர ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. எல்லாம் அவர்களிடம் ஏற்கெனவே இருந்தது. கேட்க ஆள்தான் இல்லை.

கயிற்றின் இரண்டு முனையிலும் வரப்பில் ஆள் நின்று, ஒரு வரிசை முடிந்ததும் ஒரு சாண் தள்ளிப் பிடிக்க வேண்டும். அது நின்றுகொண்டே செய்கிற வேலை, குனிய வேண்டியதில்லை. அன்றன்றைக்கு யாருக்கு முடியவில்லையோ அவர்கள் கயிறு பிடிப்பது, ஏன் என்று யாரும் கேட்பதில்லை. சின்ன நாற்றை வேர் காயாமல் தட்டில் கொண்டுவந்து கொடுக்க ஒருத்தி. உள்ளே நிற்பவர்களுக்குத் தனிப் பங்கு கிடையாது, ஒரு வரிசையை எல்லோருமாக முடித்தால் கயிறு நகரும். முதல் நாள் ஒரு முனையை நான் பிடித்தேன். வரிசை முடிந்ததும் "கயிறே" என்று நான் குரல் கொடுப்பேன், மறுமுனையில் இருக்கிறவள் பதில் குரல் கொடுப்பாள், உள்ளே நிற்கும் ஒன்பது பேரும் ஒன்றாகப் பின்வாங்குவார்கள். மத்தியானத்துக்குள் அந்தக் குரலுக்கு ஒரு மெட்டே வந்துவிட்டது. நிமிர்ந்து நின்றதால் அன்றைக்குத்தான் என் செட்டு நடுவதை முழுசாகப் பார்த்தேன். எவ்வளவு அழகான கைகள். மூன்று நாள் என்று ஆபீசர் தம்பி கணக்குப் போட்டிருந்த மீதி வயல், இரண்டாம் நாள் மத்தியானம் முடிந்தது. அவர் வந்து பார்த்து, இந்த ஏற்பாடு யாருடையது என்று நோட்டை எடுத்தார். பதினோரு பேரும் ஒருத்தியை ஒருத்தி கைகாட்டினார்கள்.

நட்டு முடித்த வயல் பார்க்கச் சகிக்காது. தண்ணீருக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பச்சை நூல். வாத்தியார் வயலுக்கு மொட்டை அடித்துவிட்டார்கள் என்று டீக்கடையில் பேச்சு. வாத்தியாருக்கே தூக்கம் இல்லை. கார்த்திகை பிறந்ததும் வயல் மூடியது பார், அதற்கப்புறம் டீக்கடையில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. வரப்பில் நடந்தால் இரண்டு பக்கமும் தூர் முழங்காலில் மோதும். தையில் அறுவடை மெஷின் ஓட்டிக்கொண்டு வந்த ஆத்தூர்க்காரர், ஒரு சுற்று முடிவதற்குள் தொட்டி நிறைந்துவிட்டது என்று நடுவயலில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கிப் பார்த்தார். அவர் நின்று பார்த்ததை நாங்கள் பன்னிரண்டு பேரும் வரப்பில் நின்று பார்த்தோம். செல்வராணி அக்கா என் தோளில் ஓங்கி ஒன்று வைத்தது, இரண்டு நாள் வலித்தது. அடுத்த சம்பாவுக்கு வாய்க்கால் நெடுக எங்கள் கயிறுதான்.

பிறகு நடவு மெஷின் வந்ததும் நீ பார்த்தாய். அப்போது நான் பிரசங்கம் செய்யவில்லை. செட்டைக் கூட்டி உட்காரவைத்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். இது வந்தால் நம்மில் யாருக்கு இடமில்லாமல் போகும்? ஒவ்வொரு பெயராகப் பேசினோம். முட்டி வலிக்காரிகளுக்குத் தட்டில் நாற்று வளர்க்கிற வேலை, படித்த மருமகளுக்குப் போன் எடுத்து ஊர் ஊராக நாள் குறிக்கிற வேலை. மெஷின் யார் ஓட்டுவது என்று வந்தபோது ஒவ்வொருத்தியும் பக்கத்திலிருந்தவளைப் பார்த்தாள். நான் யாரையும் வற்புறுத்தவில்லை. "நான் ஓட்டுறேன், என்ன இப்ப" என்று செல்வராணி அக்கா எழுந்தது. கயிற்றை அறுத்த அதே கை. முதல் நாள் அது நட்ட வரிசை பாம்பு போல நெளிந்தது, ஊரே கூடிச் சிரித்தது, அக்காவும் சேர்ந்து சிரித்தது. இன்றைக்குக் கூத்தாநல்லூரிலிருந்து முத்துப்பேட்டை ரோடு வரைக்கும் அக்கா ஓட்டினால்தான் வேண்டும் என்று கேட்கிறார்கள். என் பச்சைத் தொப்பியை அது எடுத்துக்கொண்டது, வெயிலுக்கு நல்லதாம். அந்தத் தொப்பியோடு வயலுக்கு நடுவே அது போவதைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு நிறைந்துபோகிறது, பாப்பா. சொல்லாமல் இருக்க முடியவில்லை.

உன் அப்பா கதையும் ஒன்று உண்டு. இரண்டு வருஷம் கண்ணாடி போட மாட்டேன் என்று அடம் பிடித்தார், ஞாபகம் இருக்கிறதா. நான் வீம்பு என்று திட்டினேன், நீ பிரேம் பிடிக்கவில்லையோ என்று வேறு வாங்கி வந்தாய். கடைசியில் பார்த்தால், கண்ணாடி போட்டால் மில்காரர் லாரிச் சாவியைத் திரும்ப வாங்கிவிடுவார் என்று மனிதருக்குப் பயம். அந்தப் பயத்தைப் போக்க, மில்காரரே கண்ணாடி போட்டுக்கொண்டுதான் வண்டி ஓட்டுகிறார் என்று காட்ட வேண்டியிருந்தது. இரண்டு வருஷத் திட்டில் நடக்காதது இரண்டு நிமிஷத்தில் நடந்தது. மாற மாட்டேன் என்கிற மனிதர்களை நான் அவ்வளவாகப் பார்த்ததில்லை. மாறினால் எதையோ இழந்துவிடுவோம் என்று பயப்படுகிறவர்களைத்தான் பார்த்திருக்கிறேன். அது என்ன என்று வாயால் சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் பல நேரம் அது அவர்களுடைய ரகசியம் இல்லை, பக்கத்தில் நிற்பவளுடையது.

டேப்லெட் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதை நீ தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மருந்து கொடுத்ததை நாலு மணிநேரம் கழித்து ஞாபகத்திலிருந்து எழுதினால் ஒருநாள் யாருக்காவது இரண்டு முறை மருந்து போய்விடும் என்று நீ சொன்னது சரி. ஒற்றை நாற்றும் சரிதான், கயிறும் சரிதான். கலர்த் துணிதான் தப்பு. நேற்று நீ பேச்சோடு பேச்சாக, யார் எந்த நிமிஷம் எந்தக் கட்டிலுக்குப் போனார்கள் என்று டேப்லெட்டில் பெயரோடு விழுந்துவிடும், தினமும் சுவரில் ஒட்டுகிறோம் என்றாய். அதுதான் உன் கலர்த் துணி. அந்த ஆறு பேரும் யாரையோ மறைக்கிறார்கள். மூட்டு வலியோடு இன்னும் ரிட்டயர் ஆகாத சிஸ்டராக இருக்கலாம், வயிற்றுப் பிள்ளைக்காரியாக இருக்கலாம். எனக்குத் தெரியாது. ஆனால் ஒன்று தெரியும். ஐப்பசியில் உனக்கு டெங்கு வந்து, பத்தே நாளில் எழுந்து டூட்டிக்கு ஓடினாய். நிற்கக்கூட முடியாத உடம்போடு ஒரு மாதம் வார்டு பார்த்தாய். நல்லவேளை ஒரு தப்பும் நடக்கவில்லை, எல்லாம் எப்படியோ ஓடியது என்று போனில் சொன்னாய். வார்டு தானாக ஓடாது, பாப்பா. யாரோ ஓட்டியிருக்கிறார்கள். அப்போது தலையைத் தூக்கிப் பார்த்தாயா?

நாளைக்கும் நாளை மறுநாளும் இன்சார்ஜாக இல்லாமல் அவர்களில் ஒருத்தியாகக் கட்டில் கட்டிலாகப் போ. சுவரில் ஒட்டியதைக் கிழித்துப் போடு. பிறகு ஆறு பேரையும் உட்காரவைத்துக் கேள், சொல்லாதே. அதற்கப்புறமும் பட்டியலைக் கொடுக்க வேண்டும் என்று தோன்றினால் கொடு, நான் தடுக்கவில்லை. உன் வார்டு உனக்குத்தான் தெரியும். ஆனால் உனக்குத் தோன்றாது என்று நான் பந்தயம் கட்டுகிறேன். அந்த ஆறு பேரில் ஒருத்தி உன் டேப்லெட்டை எடுத்துக்கொண்டு மற்ற வார்டுகளுக்குச் சொல்லிக்கொடுக்கப் போகிற நாள் வரும், அன்றைக்கு நீ எனக்குப் போன் செய்வாய்.

இந்தப் பக்கங்களோடு கடைசியாக இன்னொரு போட்டோவும் வரும். டிரங்குப் பெட்டியில் உன் மார்க் ஷீட்டுகளோடு பத்திரமாக வைத்திருக்கிறேன், மடிப்பில் கொஞ்சம் கிழிந்திருக்கிறது. அன்று நான் வாத்தியாரிடம் கொடுக்காத தாள். பதினோரு பெயரும் உன் முத்து முத்தான கையெழுத்தில் இருக்கும், முதலில் செல்வராணி. அதற்கும் மேலே, தாளின் விளிம்பில் இடம் போதாமல், இடது கையால் கோணல்மாணலாக ஒரு பெயர் எழுதியிருக்கும். வேலைக்கு ஆகாதவர்கள் பட்டியலில் விட்டுப்போனது அது ஒன்றுதான், கயிறு பிடித்துவிட்டு வந்த அன்று சாயங்காலம் நானே சேர்த்தேன். இப்போது உன் போனை எடுத்து, நீ அடித்து வைத்திருக்கும் ஆறு பெயருக்கு மேலே இடம் இருக்கிறதா என்று பார்.

சாப்பிட்டுவிட்டு டூட்டிக்குப் போ.

அம்மா